மின்சாரம் தாக்கிய நீரிறைக்கும் மோட்டர் தொடர்பான மூன்றாவது புகார்க் கடிதம்

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.
14.07.2025

பொது முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளையில் கடந்த மே மாதம் 3ஆம் திகதி 46,500 ரூபா கொடுத்து நாங்கள் வாங்கிய நீரிறைக்கும் மோட்டரால் மே 29ஆம் திகதி காலை என் கணவருக்கு மின்சாரம் தாக்கியது. அன்றிலிருந்து பதினேழு தடவைகள் தொலைபேசியில் அழைத்தும், மூன்று தடவைகள் நேரில் வந்தும், இரண்டு கடிதங்கள் எழுதியும் ஒரு பயனும் கிடைக்காததால் இந்த மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, வைத்தியசாலைக் குறிப்பு, ஒளிப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை மீண்டும் இணைத்துள்ளேன். எந்த மோட்டர், எந்த வகை என்று கேட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டாம். நீங்கள் விற்ற பொருள் உங்களுக்குத் தெரியும். உங்கள் கிளையில் நுழைந்ததும் கண்ணில் படும்படி அது இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அன்று காலை ஆறரை மணிக்குத் தோட்டக் கிணற்றடியில் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என் கணவர், மோட்டர் சூடேறுகிறதா என்று பார்ப்பதற்காக, எந்த விவசாயியும் செய்வதுபோல, இடது உள்ளங்கையை அதன் உடலில் வைத்தார். கால்கள் ஈரமண்ணில் வெறுமையாக இருந்தன. வாளி உருண்ட சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவர் கிணற்றுக் கட்டோரம் சரிந்து கிடந்தார். மகள் அவரைத் தூக்க எனக்கு முன்னே பாய்ந்தாள். "தொடாதை!" என்று நான் கத்திய கத்தலில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் ஓடிப் பிரதான ஆளியை நிறுத்தப் போனபோதுதான் மின்சாரம் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஏற்கெனவே விழுந்திருப்பதைக் கண்டேன். திரும்பி வந்து கையைப் பிடித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "கை என்ரை கை மாதிரி இல்லை" என்பதுதான்.

இதை உங்கள் கிளிநொச்சிக் கிளையின் சேவை அலுவலரிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் கைத்தொலைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, கரண்ட் எண்டா அடிக்கிறதுதானே. எங்களுக்கும் எத்தினை தரம் அடிச்சிருக்கு. ஆள் உயிரோடைதானே இருக்கிறார், பேந்தென்ன?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் சிரித்தார். நான் பதினெட்டு வருடங்களாக விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. மின்சார உபகரணம் விற்கும் இடத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, மின்சாரம் மனித உடலை என்ன செய்யும் என்பது தெரியாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து அந்த அலுவலருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். காய்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கக்கூடும். தோல் நனைந்தால் உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓமுக்கு இறங்கிவிடும். தரம் பதினொன்றுப் பிள்ளையிடம் கேட்டாலும் 230ஐ 1000ஆல் வகுத்து 230 மில்லி அம்பியர் என்று விடை சொல்லும். 60 வாற்று மின்குமிழ் ஒன்று எரிவதற்கு எடுக்கும் மின்னோட்டம் அதைவிடச் சற்றுக் கூடியது. ஆனால் மனித உடல் ஏறத்தாழ ஒரு மில்லி அம்பியரிலேயே கூச்சத்தை உணரத் தொடங்கும். பத்து மில்லி அம்பியரைத் தாண்டும்போது தசைகள் இறுகி, பிடித்த பொருளை விடமுடியாத நிலை வரும். கையை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை என்பதால், உள்ளங்கையால் தொட்டவரின் கை அந்தப் பொருளையே இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அலையாக வரும் இந்த மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகள் திசை மாறி மாறி ஓடுவதால் தசை தளர்வதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. முப்பது மில்லி அம்பியர் அளவில் மார்புத் தசைகளும் இறுகி மூச்சு முட்டும். ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையிலே, இதயவறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டுப் புழுக்களைப்போல நெளியத் தொடங்கிவிடலாம். அப்போது நாடி இருக்காது, மூளைக்குக் குருதி போகாது. சில நிமிடங்களுக்குள் யாராவது நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவைகள் அழுத்தி உயிரைப் பிடித்து வைக்காவிட்டால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும் பயனில்லை. இடது கையால் புகுந்து காலால் வெளியேறும் மின்சாரம் செல்லும் பாதை நெஞ்சுக்கு ஊடாகத்தான் இருக்கிறது. என் கணவர் தொட்டது இடது கையால்.

ஆள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், முப்பது மில்லி அம்பியரில் விழும்படி செய்யப்பட்ட, எங்கள் செலவில் பூட்டிய ட்ரிப் சுவிட்ச். உங்கள் மோட்டருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

விழுந்த காயம் என்று நாங்கள் நினைத்த தோளைப் பார்த்த வைத்தியர், மூட்டு பின்பக்கமாக விலகியிருப்பதை எக்ஸ்ரேயில் காட்டி, மின்சாரம் பாயும்போது உடலின் தசைகள் ஒரேயடியாக இறுகுவதாலேயே இப்படி நடப்பதுண்டு என்றார். உள்ளங்கையில் இருந்த காயமோ பயற்றம்விதை அளவுதான். தோலில் தெரியும் காயத்தை வைத்து உள்ளே நடந்ததை மட்டுக்கட்ட முடியாது, ஏனென்றால் மின்சாரம் தோலைத் தாண்டியதும் நரம்பையும் குருதிக்குழாயையும் தசையையும் வழியாக்கிக்கொண்டு போய்விடும். தசை கருகிச் சிதைந்தால் அதில் இருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யக்கூடும். சிறுநீர் சாயத்தேநீர் நிறத்தில் போகிறதா என்று தாதிமார் இரவிரவாகப் பார்த்தார்கள். இதயத்துடிப்பைக் காட்டும் ஈ.சி.ஜி. கருவியின் முன்னால் நானும் விடியும்வரை இருந்தேன். அந்த இரவை உங்கள் அலுவலகத்தில் யாரும் கழித்திருந்தால் "பேந்தென்ன" என்ற சொல் அவர் வாயில் வந்திருக்காது.

இப்போது ஆறு வாரங்களுக்கு மேலாகியும் அவருடைய இடது கையின் மோதிரவிரலும் சின்னவிரலும் விறைத்தே இருக்கின்றன. மண்வெட்டியைப் பிடித்தால் சில நிமிடங்களில் நழுவுகிறது. வீட்டில் மின்விளக்கு ஆளியைப் போடுவதற்குக்கூட மகளைக் கூப்பிடுகிறார்.

இனி உங்கள் வவுனியாச் சேவை நிலையத்தைப் பற்றி. மோட்டரை நேரில் கொண்டுவந்தால்தான் பரிசோதிக்க முடியும் என்று உங்கள் தொலைபேசி அலுவலர் சொன்னதால் (தமிழில் பேச இரண்டை அழுத்தி, இருபத்தைந்து நிமிடங்கள் இசையைக் கேட்ட பின்னர் கிடைத்தவர்), ஜூன் 18ஆம் திகதி பாடசாலைக்கு விடுப்பு எடுத்து, அந்தப் பாரமான மோட்டரை உரப்பையில் கட்டி, முச்சக்கரவண்டியில் மாங்குளத்துக்கு ஏற்றி, அங்கிருந்து ஏ9 வீதியால் வந்த பேருந்தில் நடத்துனரிடம் கெஞ்சி இடம் பிடித்து வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். கதவு பூட்டிக் கிடந்தது. இருப்புக் கணக்கெடுப்பு, இரண்டு நாட்களுக்குத் திறக்கமாட்டார்கள் என்று காவலாளி சொன்னார். அவர் மட்டும்தான் உங்கள் நிறுவனத்தில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தவர். அவருக்கு என் நன்றி. மோட்டரை அங்கே வைத்துவிட்டுப் போக அனுமதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்த அழைப்பும் இசையிலேயே முடிந்தது. அதே மோட்டரை அதே வழியில் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அதன் பிறகுதான் உரிமம் பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அயலவர் இருவர் முன்னிலையில் இணைப்புப் பெட்டியைத் திறந்தோம். மஞ்சளும் பச்சையும் கலந்த புவிக்கம்பி, அதாவது எல்லோரும் ஏர்த் வயர் என்று சொல்வது, உள்ளே வந்து வெறுமனே சுருண்டு கிடந்தது. அதைப் பூட்ட வேண்டிய திருகாணி அதன் இடத்தில் இருந்தது. ஆனால் கம்பி அதன் கீழ் இல்லை. திருகாணியைக் கழற்றியபோது அதன் அடியில் இருந்த நீலப் பெயின்றில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. ஒரு தடவை பூட்டிக் கழன்றிருந்தாலும் அங்கே வட்டமாகத் தழும்பு விழுந்திருக்க வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் உயிர்க்கம்பி உள்நுழையும் துளைக்கு இறப்பர் வளையம் போடப்படாததால் கூரிய உலோக விளிம்பு அதன் மேலுறையான காவலியை அறுத்து, உள்ளிருந்த செம்பு மோட்டரின் உடலில் முட்டிக்கொண்டிருந்தது. மோட்டர் பனங்குற்றியின் மேல் பூட்டப்பட்டிருந்ததால் அந்த மின்சாரம் நிலத்துக்கு இறங்க வழியின்றி உடலிலேயே காத்திருந்தது. வழியாகக் கிடைத்தவர் என் கணவர்.

இதற்கு நீங்கள் அனுப்பிய ஒரேயொரு பதிலில், எங்கள் வீட்டுப் புவித்தொடுப்புச் சரியில்லை என்றும், பெட்டியைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்றும், செருகியில் 13 அம்பியர் உருகி (பியூஸ்) இருப்பதால் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் புவித்தொடுப்பை மின்னியலாளர் அளந்து சரியென்று எழுத்தில் தந்திருக்கிறார். அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், பூட்டப்படாத கம்பி வழியே மின்சாரம் போகாது. 13 அம்பியர் என்பது 13,000 மில்லி அம்பியர். ஒரு மனிதரைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் நூறு மடங்காக ஓடினாலும் அந்த உருகி உருகாது. அது கம்பி தீப்பிடிக்காமல் இருப்பதற்காக வைக்கப்படுவது. மின் உபகரணம் செய்யும் நிறுவனம் இதை எழுத்தில் கேட்டு வாங்கும் நிலையில் இருப்பது எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறது.

நீர் இல்லாமல் எங்கள் ஒன்றரை ஏக்கர் கச்சானும் பூத்த பருவத்தில் முற்றாக அழிந்துவிட்டது. கணவரின் உழைப்பும் நின்றது. வைத்தியச் செலவு, கூலியாட்கள், வீண் பயணங்கள், அடுத்த போகத்துக்கான விதைநெல் என்று கணக்குப் பார்த்தால் எங்கள் குடும்பம் பத்து வருடங்கள் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. பதினைந்து இலட்சம் ரூபா தந்தாலும் அது ஈடாகாது.

உங்கள் நிறுவனத்தின்மீது எனக்கு முன்பகை எதுவும் இல்லை. என் தகப்பனாரும் உங்கள் மோட்டரையே பாவித்தவர் என்பதால்தான் அந்தப் பெயரைத் தேடி வாங்கினோம். ஆகவே மரியாதையுடன் கேட்கிறேன்: மோட்டரின் பெறுமதியையும் வைத்தியச் செலவையும் தாருங்கள், அந்த அலுவலர் என் கணவரிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். இவை இரண்டிலும் நான் காத்திருக்கத் தயார். ஆனால் அதே தொகுதியில் வந்து வன்னி முழுவதும் கிணற்றடிகளில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மோட்டர்களின் இணைப்புப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் விடயத்தில் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. அந்த வீடுகளில் எத்தனை வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜூலை 28ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அச்சபைக்கும், அத்துடன் மாவட்டச் செயலகத்துக்கும் முறைப்பாடு செய்வேன். சட்டத்தரணி ஊடாகவும் கோரிக்கைக் கடிதம் வரும். மோட்டர் எங்கள் வீட்டில் திறந்தபடியே, அந்தத் திருகாணியோடு, வைக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பதற்கு நீங்கள் ஆள் அனுப்பலாம்; இனி அதை நான் எங்கும் சுமந்துகொண்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைப்பில் உள்ளன)