கன்டெய்னர் பாடத்தில் ஸ்டோரேஜ் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கன்டெய்னர் (ஒரு புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓடவிடும் பொட்டலம்), குபெர்னெட்டிஸ் (அந்தப் பொட்டலங்களைப் பல சர்வர்களில் பிரித்து ஓட்டும் மென்பொருள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு சர்வர் படுத்துவிட்டால் கன்டெய்னர் அடுத்த சர்வரில் எழுந்து நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். நிற்கும்தான். ஆனால் அது படிக்க வேண்டிய ஃபைல் எங்கே இருக்கும்? 'வால்யூமை மவுன்ட் செய்துகொள்ளலாம்', அதாவது வெளியே உள்ள ஸ்டோரேஜை கன்டெய்னருக்குள் ஒரு ஃபோல்டராக இணைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் பயிற்சி முடித்துவிட்டு எங்களிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வரிதான் தெரிகிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பையர் அனுப்பும் பிரின்ட் டிசைன், எம்பிராய்டரி ஃபைல், கட்டிங்குக்குப் போகும் மார்க்கர் (துணியில் எதை எங்கே வெட்டுவது என்ற வரைபடம்) எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் ஹார்டு டிஸ்க் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைச் சின்னதாக்கி மெர்ச்சன்டைசர்களுக்குக் காட்டும் புரோகிராம் கிளஸ்டரில் (குபெர்னெட்டிஸ் சேர்த்து நடத்தும் சர்வர் கூட்டத்தில்) ஓடுகிறது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் அது பல சர்வர்களில் ஒரே சமயத்தில் ஓடும். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபோல்டர் தெரிந்தாக வேண்டும். எங்களைப் போன்ற இடங்களில் அதற்குக் கைகொடுப்பது என்எஃப்எஸ், அதாவது வேறொரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகத் தன்னுடையது போலப் பயன்படுத்தும் முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டுவந்தது, குபெர்னெட்டிஸுக்கு 30 வயது மூத்தது. அதை இன்னும் ஒதுக்க முடியவில்லை.

புதிதாகச் சேர்த்த ஒரு சர்வரில் மட்டும் எங்கள் புரோகிராம் 'கன்டெய்னர் கிரியேட்டிங்' என்று காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. பயிற்சிக்கு வந்திருந்த தம்பி, "ஏனுங்க்கா, இமேஜ்லயே என்எஃப்எஸ் பேக்கேஜ் போட்டுட்டனுங்க, அப்பறமும் வரமாட்டீங்குது" என்றான். இமேஜ் என்பது கன்டெய்னரை உருவாக்கும் அச்சு. ஆனால் மவுன்ட் செய்வது கன்டெய்னர் இல்லை, அது ஓடப்போகும் சர்வரில் உள்ள குபெலெட் (ஒவ்வொரு சர்வரிலும் குபெர்னெட்டிஸுக்காக வேலை பார்க்கும் புரோகிராம்). சர்வரில் இருப்பது உபுன்டு லினக்ஸ் என்றால் என்எஃப்எஸ்-காமன், ரெட்ஹாட் வகை லினக்ஸ் என்றால் என்எஃப்எஸ்-யுடில்ஸ் என்ற பேக்கேஜ் ஒவ்வொரு சர்வரிலும் இருக்க வேண்டும். நாஸின் பெயரைத் தேடுவதும் அந்த சர்வர்தான். கிளஸ்டருக்குள் மட்டும் செல்லும் சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் அதற்குத் தெரியாது. டிஸ்கிரைப் என்ற கட்டளையைப் போட்டு, கடைசியில் வரும் ஈவென்ட்ஸைப் (நடந்தவற்றின் பட்டியலை) படித்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் டிலீட் செய்து டிலீட் செய்து பார்க்கும் பழக்கத்தை இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

அடுத்தது பர்மிஷன். மவுன்ட் ஆகிவிடும், எழுதப் போனால் 'பர்மிஷன் டினைடு' என்று வரும். கன்டெய்னருக்குள் நாம்தானே ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்), நம்மை யார் தடுப்பது என்று குழம்புவார்கள். லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே இருக்கும். வருகிற ரூட்டை அது 'நோபடி' என்ற அதிகாரமில்லாத யூசர் ஆக்கிவிடும், வழக்கமாக 65534 என்ற எண். சாதாரண அமைப்பில் ஆள் யார் என்று பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ஃபோல்டரின் சொந்தக்காரர் 1000 என்றால், கன்டெய்னர் எந்த எண்ணில் ஓட வேண்டும் என்று சொல்லும் ரன்ஆஸ்யூசரில் 1000 என்று எழுதினால் வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் ஃபோல்டருக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்து, ரூட்டை ரூட்டாகவே விடும் நோ ரூட் ஸ்குவாஷும் போட்டு, ஆபீஸ் நெட்வொர்க் முழுவதற்கும் திறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு செட்டப் செய்து தருகிற ஆட்களே இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அப்புறம் கேன்டீன் டோக்கன் போடும் கம்ப்யூட்டரிலிருந்தே பையரின் டிசைனை அழிக்கலாம்.

கிளெய்மில் (குபெர்னெட்டிஸிடம் ஸ்டோரேஜ் கேட்கும் விண்ணப்பத்தில்) 10 ஜிபி என்று எழுதினால் 10 ஜிபியோடு நிற்கும் என்று நம்புகிறார்கள். என்எஃப்எஸ்ஸில் அந்த எண் பொருத்தம் பார்க்க மட்டும்தான், எழுதுவதைத் தடுக்காது. கோட்டா (அளவு வரம்பு) வேண்டுமென்றால் நாஸில் வைக்க வேண்டும். 'ரீட் ரைட் ஒன்ஸ்' (படிக்க, எழுத ஒரே இடத்துக்கு அனுமதி) என்பதும் ஒரு சர்வருக்குத்தான், ஒரு பாட்-க்கு (ஒன்றாக ஓடும் கன்டெய்னர் தொகுதிக்கு) இல்லை. ஸ்டோரேஜை எப்படி ஒதுக்குவது என்று சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸில், கிளெய்மை நீக்கிய பிறகு அந்த ஸ்டோரேஜை என்ன செய்வது என்ற ரீகிளெய்ம் பாலிசியை எழுதாமல் விட்டால் டிலீட் (அழித்துவிடு) என்றே எடுத்துக்கொள்ளும்; ரீடெயின் (வைத்திரு) என்று கைப்பட எழுதிவிடுங்கள். டேட்டாபேஸை இந்த ஃபோல்டரில் வைக்காதீர்கள், ஒரே ஃபைலில் இயங்கும் எஸ்க்யூலைட்டாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

உங்கள் நாளிதழில் 'நாளைய மின்தடை' என்று பெருமாநல்லூர், அவிநாசி, பல்லடம் பட்டியல் வருகிறதே, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை என்று, எங்கள் ஆபீஸில் அதை முதலில் படிப்பவள் நான்தான். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் சர்வரும் நாஸும் யுபிஎஸ்ஸில் நிற்கும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு யுபிஎஸ் கொடுக்காத கம்பெனிகள் இங்கே நிறைய. ஸ்விட்ச் அணைந்தால் நாஸ் காணாமல் போகும். ஹார்டு மவுன்ட் என்றால் புரோகிராம் அப்படியே காத்திருக்கும், ஸ்விட்ச் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்கிரீன் அசையாமல் நிற்கிறதே என்று பொறுமையில்லாமல் சாஃப்ட் என்று மாற்றிவிடுகிறார்கள். சாஃப்ட் என்றால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எர்ரர் கொடுத்துவிட்டு விலகிவிடும். புரோகிராம் அந்த எர்ரரைக் கவனிக்காவிட்டால், பாதி எழுதிய ஃபைல் எம்பிராய்டரி மெஷின் வரை போகும்.

தொடர் அடுத்த வாரமும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஸ்டோரேஜுக்கு ஒரு வாரத்தை முழுதாக ஒதுக்குங்கள். பயிற்சி மையங்களுக்கும் இதற்குப் பெரிய செலவு இல்லை. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் மூன்று, ஒரு ஸ்விட்ச், ஒரு ஹார்டு டிஸ்க் போதும். ஒன்றில் என்எஃப்எஸ் சர்வர், மற்ற இரண்டில் கிளஸ்டர். ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள், ஹார்டில் ஒருமுறை, சாஃப்டில் ஒருமுறை. என்ன ஆனது என்று அதை வந்து சொல்லும் பிள்ளையிடம் நாங்கள் சர்டிபிகேட்கூடக் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்),
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.