மல்லிக்கு, அந்தச் சிவப்பு நிறம் பற்றி

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லி,

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கண் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கூடவே வந்த குரல் பதிவையும் கேட்டேன். "குளுக்கோமாவாம்டி, பார்வை போயிடுமாம்" என்று நீ அழுததும் உடனே கூப்பிடத்தான் கை போனது. ஆனால் போனில் நீ அழ, நான் சமாதானம் சொல்ல, சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

உனக்குக் குளுக்கோமா, அதாவது பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய், இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உன் வலது கண்ணின் நரம்பு இழைப் படலம், மெஷினுக்குள் ஏற்றி வைத்திருக்கும் கணக்கைவிட மெல்லிசாக இருக்கிறது, அதனால் சிவப்பு காட்டியிருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்வது. அந்தக் கணக்கு யாருடைய கண்ணை அளந்து போட்டது என்று பார்க்காமல் பயப்படக் கூடாது.

பார்வை நரம்பு கண்ணிலிருந்து மூளைக்குக் கிளம்பும் இடத்தைச் சுற்றி, ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் போட்டு, வட்டம் நெடுக நரம்பு இழைகளின் கனத்தை உனக்கு ஸ்கேன் எடுத்த ஓசிடி மெஷின் அளக்கிறது. அளவு மைக்ரானில் வரும். மில்லிமீட்டரை 1000 கூறு போட்டால் ஒரு கூறு. நல்ல கண்ணில் சராசரி 90, 100 என்று இருக்கும். உனக்கு வலது கண்ணில் 74. இதை, நோயில்லாத சில நூறு பேரை அளந்து வைத்த பட்டியலோடு உன் வயதுக்குத் தகுந்தபடி ஒப்பிடுகிறது. மிக மெல்லிசான 1 சதவீதத்துக்குள் விழுந்தால் சிவப்பு, 5 சதவீதத்துக்குள் என்றால் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோருமே நல்ல கண்ணுக்காரர்கள், மல்லி. அவர்களிலேயே நூற்றில் ஒருவருக்குச் சிவப்புதான் வரும்.

அப்புறம் உன் பவர். ஆறாவது படிக்கும்போதே உனக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. இப்போது மைனஸ் ஒன்பது. சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை 24 மில்லிமீட்டர் போல இருக்கும். உன் மாதிரி பெரிய மைனஸ்காரர்களுக்கு 26ஐத் தாண்டிவிடும். கண் நீண்டால் விழித்திரையும் இழுபடும். நரம்பு இழைகள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கட்டாகத் தடித்து ஓடும். நீண்ட கண்ணில் அந்த இரண்டு கட்டும் காதுப் பக்கமாக நகர்ந்துவிடும். மெஷின் வழக்கமான இடத்தில் தேடும், அங்கே மெல்லிசாக இருக்கும், சிவப்பைப் பூசிவிடும். உன் பவர் உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் சொற்பம். கடையில் வாங்கின ரெடிமேட் ரவிக்கை உட்காரவில்லை என்றால் தோளையா குறை சொல்வோம்?

தாளின் நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளின் மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது பார். அதில் இரண்டு மேடு தெரிகிறதா? மேடு இரண்டும் இருக்கின்றன, இடம்தான் தள்ளியிருக்கிறது. இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நோயில்லாத கண்ணில் வரும் இந்தச் சிவப்புக்கு, கண் ஸ்கேன் எடுக்கும் எங்கள் தொழிலில் 'ரெட் டிசீஸ்' என்றே ஒரு பேர் உண்டு. பச்சை என்று காட்டி உள்ளே நோய் ஆரம்பித்திருப்பதும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்வதில்லை.

தாளின் மேல் பக்கம் சிக்னல் 10க்கு 5 என்று போட்டிருக்கிறது. இந்த மெஷினில் 6க்குக் கீழே வந்தால் நான் அந்தப் படத்தை வைத்துக்கொள்ள மாட்டேன், திரும்ப எடுப்பேன். சிக்னல் இறங்கினால் படலம் உள்ளதைவிட மெல்லிசாகக் காட்டும். உனக்கு ஏன் திரும்ப எடுக்கவில்லை என்று கோபமே வந்தது. எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் அறைக்கு வரும் வயதானவர்கள் தாடையை வைத்து நெற்றியை ஒட்டியதும் மூச்சையே அடக்கிக்கொள்வார்கள், கண்ணைக் கொட்டவே மாட்டார்கள். கண் காய்ந்து சிக்னல் இறங்கிவிடும். "மூச்சு விடுங்கம்மா, நாலு தடவை கண் கொட்டுங்க, இப்போ அந்தப் பச்சைப் புள்ளியைப் பாருங்க" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலிலும் சொல்வேன். அதற்கும் சரிவரவில்லை என்றால் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு. 5 இருந்தது 8 ஆகிவிடும். நெற்றிப் பட்டையில் ஒட்டின குங்குமத்தையும் விபூதியையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். ஆளுக்கு ஒரு நிமிடம் கூடப் போகும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பம் ராத்திரி நிம்மதியாகத் தூங்கும் என்று நம்பித்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

கதிர் பாய்ந்து கெடுதல் ஆகுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது. எக்ஸ்ரே இல்லை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான். வயிற்று ஸ்கேனில் ஒலி போய் முட்டித் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். ஒளியின் வேகத்துக்கு அப்படி நேரம் அளக்க முடியாது. அதனால் ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் இன்னொன்றை ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருகிற இரண்டையும் ஒன்றோடொன்று சேரவைத்துப் பார்க்கிறார்கள். 1991இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜேம்ஸ் ஃபூஜிமோட்டோவின் குழு இதை வெளியிட்டபோது, அதில் முன்னணியில் இருந்த டேவிட் ஹுவாங் மாணவர்தான். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியான ஆப்தால்மோஸ்கோப்பைக் கொண்டுவந்ததிலிருந்து டாக்டர்கள் விழித்திரையை மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரின் விழித்திரையைத் தொடாமல், வெட்டாமல், அடுக்கு அடுக்காகப் பார்க்க அதற்கப்புறம் நூற்றுநாற்பது வருடத்துக்கும் மேல் ஆனது. தினமும் பார்க்கிற படம்தான், இருந்தாலும் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் ஓசிடி பார்ப்பது நடுப்பகுதியை மட்டும்தான். உன் மாதிரி நீண்ட கண்ணில் விழித்திரையின் ஓரம் மெலிந்து கிழியும் வாய்ப்பு அதிகம், அது இந்தப் படத்தில் வராது. ஸ்காட்லாந்தில் டக்ளஸ் ஆண்டர்சன் என்பவரின் சின்ன மகனுக்கு, பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தும் விழித்திரை பிரிந்ததைக் கண்டுபிடிக்கத் தாமதமாகி ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அந்த அப்பாதான் ஆப்டோஸ் நிறுவனத்தை ஆரம்பித்து, ஒரே படத்தில் 200 டிகிரி வரை பிடிக்கிற கேமராவைக் கொண்டுவந்தார். அந்த வசதி இல்லாத இடத்தில் கண் விரிக்கும் சொட்டு விட்டு டாக்டர் ஓரம்வரை பார்க்க வேண்டும். "ஸ்கேன் எடுத்தாச்சே, சொட்டு எதுக்கு" என்று நீ தப்பித்து வந்ததாகச் சொன்னாயே, அடுத்த தடவை அப்படிச் செய்யாதே. கண்ணோரம் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ அன்றைக்கே போய்விடு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பெரிய மைனஸ்காரர்களுக்குக் குளுக்கோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான், அதனால் விட்டுவிடவும் கூடாது. கண் அழுத்தம், கருவிழியின் கனம், கண்ணின் கோணம் எல்லாம் பார்க்கச் சொல். சுற்றுப்புறம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற, பட்டன் அமுக்கும் ஃபீல்டு டெஸ்ட்டும் எடு. முதல் தடவை பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வராது, மனம் தளராதே. ஓசிடியைத் திரும்ப எடுக்கச் சொல். அதற்கப்புறம் எப்போது எடுப்பதானாலும் அதே கம்பெனி மெஷினில் எடு. ஒரு மெஷினின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பாக வாங்கி வைத்துக்கொள். பட்டியலில் உள்ளவர்களைவிட உன்னுடைய பழைய படம்தான் உனக்குச் சரியான அளவு. 74 அடுத்த வருடம் 72 ஆனால் பதறாதே, நாலைந்து மைக்ரான் ஏற்ற இறக்கம் அளப்பதிலேயே வரும். வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. அப்போதும் சொட்டு மருந்தில் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம். போன நரம்பு திரும்பாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போய் வருகிறான், டிராஃபிக் புலம்பல் குறைந்தது. என்னிடம் வேலை கற்ற ஓசூர்ப் பெண் இப்போது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்க ஊர் ஊராகப் போகிறாள். இங்கே உள்ள நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனை 2008இல் ஆரம்பித்த கிட்ராப் திட்டம் வந்த பிறகு, டாக்டர் இல்லாத ஊர்களிலும் எங்களைப் போன்றவர்கள் கேமராவோடு போய்ப் படம் எடுக்கலாம் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் வந்துவிட்டது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் கோளாறைப் பிறந்து சில வாரத்துக்குள் பார்த்தால் லேசரில் காப்பாற்றலாம், விட்டால் வாழ்நாள் முழுக்க இருட்டாகிவிடலாம். அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உங்கள் அண்ணனுக்குச் சர்க்கரை வந்து இவ்வளவு வருடம் ஆகிறது, பேப்பர் படிக்க முடிகிறது என்று கண் பக்கமே போகவில்லை என்றாய். சர்க்கரை விழித்திரையில் கை வைக்கும்போது ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் படம் பிடிக்கும் ஃபண்டஸ் போட்டோ எடுத்தே ஆக வேண்டும். எங்கள் ஊர் ஃபோரஸ் கம்பெனியின் த்ரீநேத்ரா மாதிரி எடுத்துச் செல்கிற கேமராவெல்லாம் வந்துவிட்டதால் முகாம்களிலேயே எடுக்கிறார்கள். அவர் கேட்கவில்லை என்றால் நான் பேசுகிறேன், என் பேச்சைத் தட்டமாட்டார்.

கரூரில் சரிப்படவில்லை என்றால் இரண்டு பேரும் ராத்திரி பஸ் ஏறி இங்கே வந்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட், கண்ணாடிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வா. சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், அண்ணனுக்கும் சேர்த்துக் கறுப்புக் கண்ணாடி கொண்டு வா.

அன்புடன்,
சாந்தி