உங்கள் ஓய்வூதியத்தை ஆதரிக்கும் ஒருவன் கேட்பது

தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர், உள்ளாட்சி ஊழியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் அரசு ஊழியன் இல்லை, சொத்து வரி கட்டுகிறவன். 2022-இல் நம் நகரங்களில் அந்த வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். அப்போது, "எல்லாம் இவங்க சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும்தான் போகுது" என்று புலம்பியவர்களிடம் உங்கள் பக்கம் நின்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். முழுவதும் இனிப்பாக இருக்காது.

ஓய்வூதியம் யாரோ போடும் பிச்சை இல்லை, செய்த வேலைக்கான கூலியின் ஒரு பகுதி. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. ஓய்வூதியர் தினத்தை அந்தத் தேதியில்தான் கொண்டாடுகிறீர்கள். இதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் என்ற அந்த உறுதி போய்விட்டது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு. செலவு குறையும் என்றார்கள். எப்படிக் குறையும்? ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும், அந்தத் தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்கும் பழைய கணக்குப்படி கொடுத்தாக வேண்டும். புதியவர்களுக்காகத் தன் பங்கையும் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு செலவும் சேர்ந்தே ஓடும் காலம் முப்பது வருடத்துக்குக் குறையாது. மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் அரசியல்வாதி யாராக இருந்தாலும் அவர் காலத்தில் அந்த மிச்சத்தைப் பார்க்கப் போவதில்லை. போதாததற்கு, தமிழ்நாடு அரசு இந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைக்கவும் இல்லை. பிடித்த பணத்தை அரசே தன் கணக்கில் வைத்துக்கொண்டு வட்டி எழுதியது. ஓய்வு பெற்றவர் கையில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தார்கள். மாதாமாதம் எதுவும் வரவில்லை. இதற்கு ஓய்வூதியத் திட்டம் என்று பெயர்!

ஆகவே 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், உங்கள் பங்கு 10 சதவீதம், மீதியை அரசு போடும். பழைய திட்டமே வேண்டும் என்று உங்களில் ஒரு பிரிவினர் கேட்பதும் தெரியும், அது உங்கள் வீட்டு விவகாரம். அந்த "மீதி" என்பது எந்த வருடம் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் என் விவகாரமும்கூட. அதை வருடா வருடம் வெளியிடச் சொல்லி நீங்களே கேட்டால் நன்றாயிருக்கும். ஒதுக்கி வைக்காத பணத்தில் கொடுத்த வாக்குறுதி என்ன ஆகும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்களில் ஒரு நகராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். கணினியில் ரசீது போடுகிறவர் வெளி முகமை ஆள். தண்ணீர் திறந்து விடுகிறவர் தினக்கூலி. தெருவைக் கூட்டுகிறவர் ஒப்பந்ததாரரின் ஆள். காலமுறைச் சம்பளத்தில், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பள விகிதத்தில், இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் இதையே விதியாக்கியது. பணியிடங்களைக் குறைத்து, வேலையை வெளியே கொடுத்தார்கள்.

மன்றக் கூட்டத்தில் இதற்குச் சொல்லும் காரணம் சிக்கனம். பட்ஜெட்டில் ஊழியர் செலவு என்ற தலைப்பு இளைக்கும். ஒப்பந்தப் பணிகள் என்ற தலைப்பு கொழுக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்கிற கவுன்சிலர் அபூர்வம். ஒப்பந்ததாரரின் லாபம், அவருடைய மேற்பார்வையாளர் சம்பளம், அவரைக் கண்காணிக்க நகராட்சி வைத்திருக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்குப் பதில் எந்தத் தீர்மானத்திலும் இருப்பதில்லை. நிரந்தர ஊழியரின் ஓய்வூதியத்தைச் செலவாக எழுதுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் முதுமையை யாரும் எழுதுவதில்லை. அது அவர் மகள் தலையில் விழும், அல்லது முதியோர் உதவித்தொகையாக அதே அரசின் தலையிலேயே விழும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981-ஐச் சேர்ந்தது. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அதே ஆள், அதே தெரு, அதே துடைப்பம், ஆனால் புது ஊழியர்!

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்ததும் இதற்குத்தான். மாதம் 23,000 ரூபாயை ஒட்டி வந்த வருமானம் தனியாரிடம் போனால் பல ஆயிரம் குறையும் என்றார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஆதரவு அறிக்கைகள் வந்தன, வரவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஓய்வூதியத்துக்காக மாவட்டம் மாவட்டமாக நிரம்பும் அந்தக் கூட்டத்தை நான் அங்கே பார்க்கவில்லை.

உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அவர்களும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள், கடைசிப் பக்கத்தில். சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் என்ற கோரிக்கை எத்தனையோ வருடமாக அந்த இடத்திலேயே இருக்கிறது. பேச்சுவார்த்தையில் பேரம் சூடாகும்போது முதலில் விடுபடுவதும் அதுவாகத்தான் தெரிகிறது.

2003 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலைநிறுத்தம் செய்ய உங்களுக்கு உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அன்று உங்களுக்காகப் பேச வெளியில் ஆள் ரொம்பக் குறைவு. அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் அலுவலகத்திலேயே பாதிச் சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்கிறவரின் அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம்தான் "வெளியில்" இருக்கும் அந்தப் பொதுமக்கள்.

அடுத்த முறை கோட்டைக்குப் பேசப் போகும்போது முதல் கோரிக்கையாக ஒரு கணக்கைக் கேளுங்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், ஓர் ஆளுக்கு அரசு கொடுப்பது எவ்வளவு, அவர் கைக்குப் போவது எவ்வளவு. அந்தத் தாள் மேசைக்கு வரும் வரை அகவிலைப்படி, சரண் விடுப்பு என்று அடுத்த விஷயத்துக்குத் தாவாதீர்கள். கணக்கு வந்தபின், எங்கள் வார்டு கூட்டத்தில் அதை எடுத்து வைத்துச் சண்டை போட நானும் இன்னும் சிலரும் தயார்.

இப்படிக்கு,
சொத்து வரி கட்டும் ஒருவன்