தமிழை நெருக்கி அடைச்சுப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க அம்மாவுக்கு 74 வயசு, சிங்கப்பூர் ஈசூன்ல என்னோடதான் இருக்காங்க. காலைல தமிழ் பேப்பர் படிக்காம அவங்களுக்குக் கோப்பி இறங்காது, ஆனா அதே தமிழ் போன்ல வந்தா மட்டும் "நீயே படிச்சுச் சொல்லும்மா"ன்னு என்கிட்ட நீட்டிடுவாங்க. கண்ணுல ஏதோ கோளாறுன்னுதான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

போன மாசம் அவங்களுக்கு ரத்தப் பரிசோதனை. கிளினிக்ல இருந்து ஒரு லிங்க் அனுப்பியிருந்தாங்க, திறந்தா தமிழ்லயே இருக்கு, ரெண்டு பேருக்கும் சந்தோஷம். அன்னிக்கு எனக்கு நைட் ஷிஃப்ட், அதனால அவங்களே படிச்சிட்டு, காலைல கீழ காப்பிக்கடைல ரெண்டு புராட்டா, ஒரு தே சாப்பிட்டுப் போயிருக்காங்க. வெறும் வயித்துல வரணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. முட்டிவலியோட பஸ் ஏறிப் போய் சும்மா திரும்பி வந்தாங்க, எனக்கு மனசே ஆறல.

அப்புறம் அந்தப் பக்கத்தை நானே பாத்தேன். ராத்திரி 10 மணிக்கு மேல தண்ணி தவிர எதுவும் கூடாதுன்னு போட்டுத்தான் இருக்கு, ஆனா எங்க போட்டிருக்கு? தள்ளத் தள்ள முடியாத ஒரே பத்தி, நடுவுல ஒரு இடைவெளி கிடையாது, வெள்ளைல வெளிர் சாம்பல் கலர் எழுத்து, அதுக்குள்ள எங்கயோ புதைஞ்சு கெடக்கு.

மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன், தமிழ் நல்லாவே இருந்துச்சு. இங்கிலீஷுக்கு அளவெடுத்த டிசைன்ல அதே சைஸ் அதே வரி இடைவெளின்னு தமிழைக் கொட்டி வச்சதுதான் வினை. நம்ம எழுத்துக்கு மேல கொக்கி இருக்கு, கீழ சுழி இருக்கு, வரிக்கு வரி இடம் விடலன்னா மேல் வரி 'கு'வோட காலும் கீழ் வரி 'கீ'யோட தலையும் இடிச்சுக்கும். அடிக்கோடு போட்டா அந்தக் கால் கோட்டுக்குள்ள மறைஞ்சிடும். சின்ன எழுத்துல முழுப் பத்தியையும் தடிமனா போட்டா 'ணை'ல இருக்கற சுழியெல்லாம் அடைஞ்சு ஒரே கறுப்பாயிடும்.

எல்லாத்தையும் விட மோசம், ரெண்டு ஓரமும் நேரா நிக்கணும்னு வரியை இழுத்து வைக்கறது. 'எடுத்துக்கொண்டிருப்பவர்கள்'னு ஒரே சொல் போன்ல முழு வரியையும் பிடிச்சுக்கும், அடுத்த வரில ரெண்டே சொல்லு, நடுவுல பெரிய பள்ளம், கண்ணு எங்க போய் நிக்கும்? இடது ஓரம் மட்டும் நேரா இருந்தா போதும்.

இதெல்லாம் நானா சொல்றது இல்ல. இணையப் பக்கத்தை எல்லாரும் படிக்கற மாதிரி அமைக்கறதுக்கு டபிள்யூசிஏஜின்னு (WCAG) உலகம் முழுக்கப் பயன்படுத்தற வழிகாட்டி இருக்கு. சாதாரண சைஸ் எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், எழுத்தை 200 சதவீதம் பெருசாக்கினாலும் பக்கம் உடையக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதோட உச்ச தரத்துல பத்திக்குள்ள வரி இடைவெளி ஒன்றரை மடங்கு வேணும், ஓரத்தை இழுத்துச் சமப்படுத்தக் கூடாதுன்னும் சொல்றாங்க. தமிழுக்கு ஒன்றரைக்கும் கொஞ்சம் கூட விட்டாத்தான் கண்ணுக்குச் சுகம்ங்கறது என் அபிப்பிராயம்.

அறிவிப்பைப் படமா போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பெருசாக்கினா மங்கிடுது, போனை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலும் பெரும்பாலும் அது முழிக்குது, தயவுசெஞ்சு எழுத்தாவே போடுங்க.

1997ல தமிழ் இணையத்துக்குன்னு மாநாடு கூட்டின ஊரு இது. நம்ம ஊரு எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்கள் கம்ப்யூட்டர்ல தமிழைக் கொண்டு வர எவ்வளவு பாடுபட்டாரு! அவ்வளவு கஷ்டப்பட்டுத் திரைக்கு வந்த எழுத்து இன்னிக்கு வயசானவங்க கண்ணுக்கு எட்டாம கெடக்கறது எனக்கு வலிக்குது.

தமிழ்ப் பக்கம் போடற எல்லார்கிட்டயும் நான் கேக்கறது ஒண்ணுதான், வெளியிடறதுக்கு முன்னாடி ஒரு போன்ல திறந்து தமிழ் படிக்கற ஒரு பெரியவங்க கைல குடுங்க, பக்கத்துலயே நின்னு அவங்க எங்க தடுமாறறாங்கன்னு பாருங்க.

அன்னிக்கு ராத்திரி அதே விஷயத்தை ஒரு சொல்லு கூட மாத்தாம வாட்ஸ்அப்ல ஒட்டி, நாலு வரிக்கு ஒரு இடைவெளி விட்டு, சாப்பிடக் கூடாதுங்கற வரியை மட்டும் மேல தனியா தடிமனா போட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். கண்ணாடியை மாட்டிட்டு சத்தமா கடைசி வரைக்கும் அவங்களே படிச்சாங்க. அடுத்த பரிசோதனை அடுத்த மாசம், கிளினிக் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கு.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி