'எஸ்யூவி' என்ற சொல்லும் கம்பம்மெட்டு ஏற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையோர ஊர்களில் இருப்பவர்கள் எந்தக் கார் வாங்கலாம் என்று தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஏழெட்டுக் கார்களின் படங்களை வரிசையாகப் போட்டு, எல்லாவற்றையும் 'எஸ்யூவி' (கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற, உயர்ந்த வண்டி) என்ற ஒரே பெயரில் அழைத்து, மலைப்பகுதிக்கு இவையே ஏற்றவை என்று முடித்திருந்தீர்கள். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடு கம்பத்தில், கொஞ்சம் ஏலத்தோட்டம் கேரள எல்லைக்கு அப்பால் வண்டன்மேட்டுப் பக்கம். வாரத்தில் மூன்று நாளாவது எல்லையிலுள்ள கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாக ஏறி இறங்குகிறவன் என்பதாலும், அந்தக் கட்டுரையைக் காட்டி எங்கள் தெருவிலேயே இருவர் முன்பணம் கட்டிவிட்டார்கள் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பத்தில் வந்து நின்றால் உண்மையான மலை வண்டி எது என்று தெரிந்துவிடும். தூக்குவாளியும் போர்வையுமாகத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறும். அவற்றின் அடியில் குனிந்து பார்த்தால், முன்னிருந்து பின்வரை இரண்டு கனத்த இரும்பு விட்டங்கள் ஓடுவதும், அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படி போலச் சட்டங்கள் இணைக்கப்பட்டிருப்பதும் தெரியும். அந்த ஏணிச் சட்டத்தின்மேல் தனியாகச் செய்த உடலைத் தூக்கி வைத்திருப்பார்கள். தோட்டத்துக்குள் போகும் ஜீப்பாக இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும். மிகக் குறைந்த வேகத்துக்கென்று தனியாக ஒரு கியர் நெம்புகோலும் இருக்கும். தாங்கள் படம் போட்டிருந்த கார்களில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அவற்றுக்குத் தனிச் சட்டமே இல்லை. தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடலே சட்டமாகவும் நிற்கிறது. மோனோகாக் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன; பின் சக்கரங்கள் இரண்டையும் டார்ஷன் பீம் எனப்படும் ஒற்றை விட்டம் இணைக்கிறது. ஒரு சாதாரண ஹேட்ச்பேக் காரின் அடித்தளத்தை எடுத்து, உயர்த்தி, சக்கரத்தைப் பெரிதாக்கி, நிமிர்ந்த முகம் வைத்தால் வருவதே இந்த வகை. கிராஸ்ஓவர் என்பதே இதற்குரிய பெயர்.

இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இந்த வகை பிறந்து வளர்ந்த கதை சுவையானது. அதில் சென்னையை அடுத்த நம் மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலைக்கும் பெரிய பங்கு உண்டு. கார் அடித்தளத்தின்மேல் ஜீப் தோற்றம் தருவதை உலகளவில் பரவலாக்கியது 1994இல் வந்த டொயோட்டா ராவ்4. அதையும்விடச் சிறிதாக, நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் செய்து காட்டியது 2003இல் பிரேசிலில் வெளிவந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட். பாஹியா மாநிலத்தில் காமசாரி என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில், ஃபியஸ்டா என்னும் சிறிய காரின் குடும்பத்திலிருந்து அதை உருவாக்கினார்கள். அடுத்த தலைமுறை எக்கோஸ்போர்ட்டை 2012 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டினார்கள். 2013 ஜூனில் மறைமலை நகரில் செய்த வண்டி இந்தியச் சந்தைக்கு வந்தது. பின்னாளில் அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டுகளும் அதே மறைமலை நகரிலிருந்து கப்பலேறியவைதான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அது இந்தியாவில் 3,999 மில்லிமீட்டர் நீளத்தில் வந்ததற்குக் காரணம் பொறியியல் அல்ல, வரி. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த ஒரு வரையறை நம் நாட்டுக் கார்களின் உருவத்தையே மாற்றிவிட்டது. டிக்கியை வெட்டிக் குறுக்கிய செடான்கள் இதனால்தான் வந்தன. 2012இல் மஹிந்திரா நிறுவனம் தன் சைலோவின் பின்பகுதியைக் குறைத்துக் குவாண்டோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு ஏணிச் சட்டம் இருந்தது, ஆனாலும் சந்தையில் நிற்கவில்லை. எக்கோஸ்போர்ட் வந்தபோதுதான் இந்த அளவுக்குள் ஒழுங்கான ஒரு கார் செய்ய முடியும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. 2016இல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் எக்ஸ்யூவி300, அதே ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வென்யூ, 2020இல் ஒரகடத்திலிருந்து மேக்னைட் என்று வரிசை நீண்டது.

வேடிக்கை என்னவென்றால், எக்கோஸ்போர்ட்டின் மூன்று எஞ்சின்களில் இரண்டுக்குத்தான் அந்தச் சலுகை கிடைத்தது. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோலும் ஒன்றரை லிட்டர் டீசலும் வரம்புக்குள் வந்தன. ஒன்றரை லிட்டர் பெட்ரோல் 1,200 சிசியைத் தாண்டியதால், ஒரே நீளமுள்ள அதே உடலுக்குள் இருந்தும் கூடுதல் வரி கட்டியது. இன்றும் அந்த அளவுகோல் மாறவில்லை; 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் அடங்கும் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம்.

இன்னொன்றையும் தங்கள் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். எஸ்யூவி என்றால் என்ன என்று அரசாங்கமே ஒரு வரையறை வைத்திருந்தது. 2013 நிதிநிலை அறிக்கையில் எஸ்யூவிகளுக்குக் கலால் வரியை 30 சதவீதமாக உயர்த்தியபோது, நீளம் நான்கு மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று மூன்று நிபந்தனைகளை விதித்தார்கள். மூன்றும் சேர்ந்தால்தான் எஸ்யூவி. தாங்கள் படம் போட்ட கார்களில் எதுவுமே அந்த வரையறைக்குள் வராது. சட்டத்தின் கண்ணில் சிறிய காராக இருந்து வரிச்சலுகையும் பெற்றுக்கொண்டு, விளம்பரத்தில் மட்டும் எஸ்யூவியாக நிற்பது விற்பவர்களுக்கு லாபம்தான். பத்திரிகையும் அதே சொல்லை எடுத்துப் போட வேண்டுமா?

இனிப் பொறியியலுக்கு வருகிறேன். நான் வகுப்பில் மிகவும் ரசித்துப் பாடம் நடத்தியது எக்கோஸ்போர்ட்டில் வந்த அந்த ஒரு லிட்டர் எஞ்சினைப் பற்றித்தான். மூன்றே சிலிண்டர், அதன் அடிப்பாகம் ஒரு ஏ4 தாளின்மேல் அடங்கிவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் 125 குதிரைத்திறன் தந்தது; 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,400 சுழற்சியிலிருந்தே கொடுத்தது. 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருதைப் பெற்றது. மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே ஆட்டுக்கல் போல ஆடும். அதை அடக்கச் சமன்செய்யும் தண்டு ஒன்றைத் தனியாக வைப்பது பொதுவான வழி. அந்தத் தண்டைச் சுழற்றவும் எரிபொருள் செலவாகும் என்பதால், இந்த எஞ்சினில் சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலையும் முன்பக்கக் கப்பியையும் வேண்டுமென்றே சமன் இல்லாமல் செய்து, ஒரு கோணலை இன்னொரு கோணலால் சரிக்கட்டினார்கள். தராசுத் தட்டில் படிக்கல்லைக் கூட்டிக் குறைத்து முள்ளை நேராக்கும் கடைக்காரரின் வேலை போன்றதுதான் இது என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

அந்த எஞ்சினில், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். உராய்வு குறைவதும் சத்தம் அடங்குவதும் அதன் நன்மைகள். ஆனால் குறிப்பிட்ட தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்ற வேண்டிய காலத்தில் ஆயிலை மாற்றாமல் விட்டாலோ, பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வாயை அடைத்துவிடும். பிறகு எஞ்சினே போகும். இன்று கம்பம், போடி, கட்டப்பனைப் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த ஒரு லிட்டர் வண்டியைப் பார்த்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட என்ன ஆயில் எப்போது ஊற்றினார்கள் என்பதற்கு ரசீது கேட்பதே முக்கியம்.

மலைச்சாலையில் இந்தக் கார்கள் ஓடாதா என்றால், நன்றாகவே ஓடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அவை திணறாமல் ஏறுகின்றன. தார் போட்ட சாலையில் வளைந்து திரும்பும்போது ஜீப்பைவிட இவையே பாதுகாப்பானவை என்றும் சொல்வேன். உடலே சட்டமாக இருப்பதால் எடை குறைவு, புவியீர்ப்பு மையம் தாழ்வு, மோதலில் நசுங்கும் பகுதியைத் திட்டமிட்டு வடிவமைக்க முடிகிறது. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் இந்த வகையைச் சேர்ந்த நெக்ஸான்தான். சிக்கல் வருவது இரண்டு இடங்களில். இறக்கத்தில், ஒரு லிட்டர் எஞ்சினுக்கு வண்டியை இழுத்துப் பிடிக்கும் வலு குறைவு. பழைய பெரிய எஞ்சின் பழக்கத்தில் மூன்றாம் கியரில் இறக்கிவிட்டுப் பிரேக்கையே நம்பினால், அடிவாரத்துக்கு வரும்போது கருகல் வாடை வரும். ஏற்றத்தில், கிளட்ச் மிதி இல்லாத, இரட்டைக் கிளட்ச் உள்ள தானியங்கி வண்டிகளில் கவனம் வேண்டும். சபரிமலைக் காலத்தில் மலைச்சாலையை ஒருவழியாக்கினாலும் வரிசை அடி அடியாகத்தான் நகரும். அப்போது ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தே வண்டியை நிறுத்திவைத்தால், உள்ளே ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் தேய்ந்து சூடேறும். ஒரு கட்டத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றுவிடும்.

தோட்டப் பாதை வேறு விஷயம். என்னிடம் இருப்பதும் இந்த வகைக் கார்தான். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. விற்பனையாளர் தரை இடைவெளி 200 மில்லிமீட்டர் என்று சொல்லி, எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்றார். பாடம் நடத்தியவனே அதைக் கேட்டுத் தலையாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் டிக்கியில் மூன்று உர மூட்டைகளையும் பின்னிருக்கையில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் திருப்பினேன். முப்பது அடி ஏறியதும் முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்தன. வண்டி மெல்லப் பின்னோக்கி நழுவி ஏலச்செடி வரிசையில் சாய்ந்தது. அடியில் எதுவும் தட்டவில்லை. தரை இடைவெளி சொன்னபடியே இருந்தது. ஏற்றத்தில் பாரம் இயல்பாகவே பின்னால் போகும். நான் அதற்குமேல் மூட்டைகளையும் பின் அச்சுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஓட்ட வேண்டிய முன் சக்கரங்களின்மேல் எடையே இல்லை. கயிறு கட்டி இழுத்துவிட்ட ஜீப் ஓட்டுநர், "வாத்தியாரய்யா, பாக்கத்தான் ஜீப்பு மாதிரி இருக்கு. இது பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுற வண்டி" என்றார். முப்பது ஆண்டுப் பாடத்தை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கதையின் கடைசிப் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் ஃபோர்டு பிரேசிலில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது காமசாரி தொழிற்சாலை மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி இந்திய உற்பத்தியையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். மறைமலை நகரின் கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அந்தக் காரின் பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும். கைப்பிடி வலப்பக்கப் பின்விளக்கோடு ஒளிந்திருக்கும். கதவு இடப்பக்கம் திறக்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பிரேசிலில் நடைபாதையிலிருந்து சாமான் ஏற்ற அது வசதி. இடப்பக்கம் ஓட்டும் நமக்கு, ஓரமாக நிறுத்திவிட்டு மூட்டை ஏற்றப் போனால் கதவு குறுக்கே நிற்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டி எங்கே பிறந்தது என்பது நினைவுக்கு வரும்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய திருத்தம்தான். அடுத்த வாகன இணைப்பில் விலை, மைலேஜ், தரை இடைவெளி என்று போடும் அட்டவணையில், இழுப்பது முன் சக்கரமா, பின் சக்கரமா, நான்குமா என்று ஒரு கட்டத்தையும், தனிச் சட்டம் உண்டா இல்லையா என்று ஒரு கட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். முன்பணம் கட்டிய என் தெருக்காரர்களில் ஒருவருக்குத் தோட்டம் சாஸ்தாநடைப் பக்கம் தார்ச்சாலையை ஒட்டியே இருக்கிறது. அவருக்கு அந்தக் கார் போதும். இன்னொருவருக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அவர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆட்டோமொபைல் ஆசிரியர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.