‘டூ குட்’ சொல்லும் பிள்ளைகளுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், ‘டூ குட்’, ‘டூ நைஸ்’ என்று பேசும் இளைஞர்களை உங்கள் கட்டுரையாளர் ஒரு பிடி பிடித்திருந்தார். அளவு மீறியதைச் சொல்லும் ‘டூ’வைப் போடாமல் ‘வெரி குட்’ என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்பது அவர் கேள்வி. 31 ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தியவள் நான். அந்தப் பிள்ளைகளின் சார்பில் பேச எனக்கு உரிமை உண்டு. குற்றத்தில் பங்கும் உண்டு.

அந்த வகுப்பைத் தாண்டி வந்தவர்களுக்குத் தேநீர் வாக்கியம் மறந்திருக்காது. ‘தி டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்.’ இதை ‘சோ ஹாட் தட் ஐ கேனாட் ட்ரிங்க் இட்’ என்று மாற்றி எழுத வேண்டும். ‘கேனாட்’ போட மறந்தால் மதிப்பெண் போய்விடும். மாற்றி எழுதுவதில் என் மாணவர்கள் புலிகள். பொருள் என்ன என்று கேட்டால் மட்டும், ‘டீ ரொம்பச் சூடாக இருக்கிறது’ என்பார்கள். ‘வெரி ஹாட்’ என்றால் என்ன? அதற்கும் ‘ரொம்பச் சூடு’தான். இரண்டுக்கும் நேரே ‘ரொம்ப’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவளே நான்தான். பிறகு பையன் ‘டூ குட்’ என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

என்னிடம் படித்த ஒருவன் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ‘ஐ ஆம் டூ இன்ட்ரஸ்டெட் இன் திஸ் ஜாப்’ என்று எழுதியிருக்கிறான். நேர்காணலில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்த வரியின்மேல் பேனா முனையை வைத்து, “அப்படியானால் உங்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது, இல்லையா?” என்று கேட்டாராம். இவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு தேநீர் ஞாபகம் வந்திருக்கிறது. ‘சோ இன்ட்ரஸ்டெட் தட் ஐ கேனாட்’ என்று மனத்துக்குள் மாற்றிப் பார்த்தவன், அவர் எதிரிலேயே சிரித்துவிட்டானாம். பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தபோது இதைச் சொல்லி, “அன்றைக்குத்தான் டீச்சர், அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது” என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ‘டூ மச்’ என்பதை நம் ஊரில் யாரும் தப்பாகச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. கட்டுக்குப் பாதி விலை கேட்டவரிடம், “இதெல்லாம் டூ மச்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அளவு மீறியதைச் சொல்லும் சொல் அது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இலக்கணப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு வாங்கிய என் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை. ‘டூ மச்’சை அவர் சண்டையில் கற்றார், இவர்கள் வினாத்தாளுக்காகக் கற்றார்கள்.

அதற்காக ‘ரொம்ப’வைக் குறை சொல்ல மாட்டேன். ‘நிரம்ப’ என்ற நல்ல சொல்லின் பேச்சு வடிவம் அது. நிரம்பிய பிறகு வழிகிறதா, இல்லையா என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வள்ளுவரும் அப்படித்தான் விட்டிருக்கிறார். ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்னும்போது மிகை என்பது எது அதிகமோ அது. அதில் பழி எதுவும் இல்லை. ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்னும்போது அதே சொல் வேண்டாத சுமையாகிவிடுகிறது. உடம்பே ‘டூ மச்’ என்கிறார். ஒரே சொல்லை இரண்டு பொருளிலும் கேட்டுப் பழகிய காது நம்முடையது. ஆங்கிலம் இரண்டையும் வேறு வேறு சொற்களில் வைத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் வாத்தியார் நின்று விளக்கியிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் உயர்த்திப் பிடிக்கும் ‘வெரி’ மட்டும் பிறந்ததிலிருந்து இதே வேலையைத்தான் பார்த்துவந்ததா? பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ‘மெய்யான’ என்பது பொருள். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், கண் மங்கிய ஈசாக்கு எதிரில் நிற்பவனைத் தடவிப் பார்க்க அழைக்கிறார். நீ என் ‘வெரி சன்’ ஏசாவா, இல்லையா என்று அறிய வேண்டும் அவருக்கு. ‘மிக மகன்’ என்று யாராவது அதற்குப் பொருள் சொல்வார்களா? மெய்யைச் சொல்ல வந்த சொல் மிகுதியைச் சொல்லப் போய்விட்டது. ‘டூ’வும் ஆங்கிலேயர் வாயில் எப்போதும் கண்டிப்பாக இருப்பதில்லை. ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று அவர்கள் உபசாரமாகச் சொல்வதைக் கேட்டு, நம் அன்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவா போகிறோம்?

ஆனாலும் விண்ணப்பத்திலும் தேர்விலும் ‘டூ’வை எச்சரிக்கையாகத்தான் எழுத வேண்டும். பணியின் கடைசிச் சில ஆண்டுகளில் நான் ‘ரொம்ப’வை அழித்துவிட்டு, ‘குடிக்க முடியாத அளவுக்குச் சூடு’ என்று முழுதாக எழுதிப் போட்டேன். கரும்பலகையில் கொஞ்சம் இடம் பிடித்தது. ஆனால் ‘கேனாட்’ எங்கிருந்து வருகிறது என்று அதன் பிறகு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. அதே கட்டுரையின் இறுதிப் பத்தியில், நல்ல ஆங்கிலம் கேட்டால் தமக்கு ‘அதீத மகிழ்ச்சி’ உண்டாகும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதீதம் என்றால் அளவைக் கடந்தது. ‘டூ ஹேப்பி’ என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். பழக்கதோஷத்தில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன், மதிப்பெண் குறைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி.