ஜஸ்ட் பாஸ்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி இப்போது எப்படி? படியேறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, பேத்தியிடம் பைத்தான் என்ற கணினி மொழி படிக்கிறேன். கணக்கு டீச்சர் முதலில் என்ன நிரல் எழுதுவாள்? பாஸா ஃபெயிலா பார்ப்பதுதான். மதிப்பெண் > 35 என்றால் பாஸ். 80 கொடுத்தேன், பாஸ். 12 கொடுத்தேன், ஃபெயில். வேலை முடிந்தது என்று காபி போட எழுந்தேன். அவள் 35 என்று தட்டினாள். ஃபெயில்!

>= அதாவது ‘அதிகமோ சமமோ’ என்று எழுதியிருக்க வேண்டுமாம். சரியாக 35 வாங்கிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வந்து நிற்குமே சில பிள்ளைகள், அத்தனை பேரையும் ஒரு கோட்டை விட்டு ஃபெயிலாக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த நிரல் எழுதினாலும் முதலில் எல்லையில் நிற்கும் எண்ணைத்தான் கொடுத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் இந்த =, == குழப்பம். ஒற்றை = என்றால் ‘வைத்துக்கொள்’, இரட்டை == என்றால் ‘சமமா?’. நமக்கோ ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒற்றைதான் சமம்! நிபந்தனையில் மாற்றிப் போட்டால் பைத்தான் உடனே பிழை என்கிறது. சி மொழியில் அது செல்லுபடியாகிவிடும்; மதிப்பெண் = 100 என்று போட்டால் வகுப்புக்கே நூற்றுக்கு நூறு. 2003 நவம்பரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மூலநிரல் நகல் ஒன்றில் யாரோ இப்படி ஒரு வரியை வேண்டுமென்றே நுழைத்திருக்கிறார்கள். பயனர் எண் 0 தானா என்று கேட்பது போலத் தெரியும் வரி, உண்மையில் அதை 0 ஆக்கிவிடும். 0 என்றால் நிர்வாகி, கணினியே அவன் கையில். நல்லவேளை, பரவுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

நேற்று இன்னொரு கூத்து. மதிப்பெண், பாஸ் மார்க் இரண்டையும் தட்டச்சில் வாங்கும்படி மாற்றினேன். 35 என்று கொடுத்துவிட்டு மதிப்பெண்ணுக்கு 100 போட்டால் ஃபெயில் என்கிறது! தட்டச்சில் வருவதை எண்ணாக மாற்றாமல் விட்டால், வெறும் எழுத்தாகவே வைத்து ஒப்பிடுமாம். 100 ஏன் சின்னதாகிறது என்று நீயே சொல். தமிழ் டீச்சர்தானே, அகராதியில் எது முன்னால் வரும் என்று யோசித்துப் பார்.

விடையைத் தபாலில் போடாதே, பொங்கலுக்கு வரும்போது நேரில் சொல். மாவடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா